மூச்சின் வழி நுழைந்த நஞ்சு

கிருமிநாசினி என்ற சொல்லைக் கேட்டவுடனே எம்மிற் பலருக்கு மனத்தில் ஒருவகை நிம்மதி பிறக்கின்றது. கிருமி அழிந்தது, இனி நோய் அணுகாது என்று எண்ணிவிடுகின்றோம். கிருமியின் உடலைச் சிதைக்க வல்ல பொருள் எமது உடலை மட்டும் தொடாது விட்டுவிடுமா என்று கேட்பார் அரியர். தென் கொரியாவில் அக்கேள்வி பதினேழு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது.

அந்நாட்டின் பனிக்காலம் கடுமையானது. வீட்டின் நிலத்தைச் சூடேற்றிக் குளிரைப் போக்குவர். அதனால் அறைக் காற்று வறண்டு தொண்டை காயும். ஆகவே நீரை நுண்டுளிகளாக்கிப் புகைபோல வெளிவிடும் ஈரமூட்டிப் பொறியைப் பலர் படுக்கையருகில் வைத்திருப்பர். அதன் நீர்த்தொட்டியில் வழுவழுப்பாகக் கிருமிகள் படியும். நாடோறும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கவென 1994-இல் ஒரு கிருமிநாசினி விற்பனைக்கு வந்தது. நீரிற் சிறிது கலந்தாற் போதும் என்றனர். தொடர்ந்து ‘ஒக்சி’ முதலிய பெயர்களிற் பல வந்தன. குழந்தைக்கும் தீங்கில்லை என்று போத்தலில் அச்சிட்டு விற்றதும் உண்டு. அதை நம்பி ஊற்றியவர்கள் அசட்டையான தாய்மாரல்லர். பிள்ளையின் சுகத்திற் கண்ணுங் கருத்துமாயிருந்தவர்கள்.

அவற்றுட் பலவற்றிற் கலந்திருந்த பொருள் பொலிஹெக்சாமெதிலீன் குவானிடீன் என்பதாகும். தரைவிரிப்பிற் கிருமி படியாது காக்கும் பொருளென்றே அஃது 1990-களில் அரசாங்கத்திற்கு அறிவிக்கப்பட்டது. விரிப்பை எவரும் சுவாசிப்பதில்லை. ஆதலாற் சுவாசப்பையை அது யாது செய்யும் என்ற சோதனை கோரப்படவில்லை. அதே பொருள் ஈரமூட்டிக்குட் புகுந்தபோதும் கோரப்படவில்லை. இரசாயனம் கற்பிக்கும் நாம் இவ்விடத்திற்றான் திகைத்து நிற்கின்றோம். தோலுக்குத் தடித்த மேற்படை உண்டு. வயிற்றுக்குட் சென்றதைப் பெரும்பாலும் ஈரல் பொறுப்பேற்கும். சுவாசப்பையின் காற்றறைக்கோ, மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய சுவரேயன்றி வேறு காவலில்லை. பொறியிலிருந்து வரும் துளி காற்றில் உலர, எஞ்சும் நுண்டுகள் நேரே அங்கு சென்று தங்குகின்றது. பூட்டிய அறையில் இரவு முழுவதும் இவ்வாறு நிகழ்ந்தால் அச்சுவர் புண்பட்டுத் தழும்பேறிக் கல்லாய்ப் போகும்.

2006-ஆம் ஆண்டளவிலேயே குழந்தைகளுக்கு இத்தகைய நோய் கண்டதை வைத்தியர்கள் கவனித்திருந்தனர். வைரசைத் தேடினர், அகப்படவில்லை. பனிக்காலத்தின் இறுதியில் நோய் தோன்றுவதும் பின் மறைவதும் ஒரு குறிப்பாகவே இருந்தது. அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. 2011 வசந்தத்தில் சியோல் நகரின் அசான் வைத்தியசாலைக்குக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் ஒருவர்பின் ஒருவராக மூச்சடைத்து வந்தபோதே விசாரணை தொடங்கியது. நோயுற்றோரின் பழக்கங்களை ஏனையோருடையவற்றோடு ஒப்பிட்டதில் ஈரமூட்டிக் கிருமிநாசினி அகப்பட்டது. ஓகஸ்ட் 31-ஆந் தேதி எச்சரிக்கை வெளிவந்தது; நவம்பரிற் போத்தல்கள் கடைகளினின்றும் அகற்றப்பட்டன. பின்னர் அந்நோய் புதிதாகத் தோன்றவில்லை. இதனினும் தெளிவான சாட்சி வேண்டுமோ?

வீடுகள் மாத்திரமல்ல, படையினரின் வைத்தியசாலைகளும் இதனை உபயோகித்தமையை 2019-இல் விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. நோயாற்றப் போன இடத்திலும் அதே புகை! பாதிக்கப்பட்டோராகப் பதிவு செய்தோருள் இறந்தவர் தொகை மட்டும் 1,800-ஐத் தாண்டியுள்ளது. ஒக்சி நிறுவனத்தின் முன்னாட் தலைவர் ஒருவருக்குக் கிடைத்த சிறைத் தண்டனை, மேன்முறையீட்டின் பின் ஆறாண்டுகள். நீதிமன்றத்தின் கணக்கு எமக்குப் புரிவதில்லை. கிருமிநாசினிகளை விற்குமுன் ஆராய்ந்து அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது.

எம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில், மனிதரைக் கூண்டுக்குள் நிறுத்திக் கிருமிநாசினி தூவியதைக் கண்டோம். மனிதர்மேல் அதனைத் தெளிக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்திற் கூறிற்று.

வைத்தியசாலை விடுதியில் ஒட்சிசன் குமிழியிட்டுச் செல்லும் சிறு நீர்ப்போத்தலை வாசகர் கண்டிருப்பர். அதிற் கிருமி நீக்கிய நீரன்றி வேறெதுவும் இருத்தலாகாது. போத்தலை மருந்திட்டுச் சுத்திகரித்தாலும், அம்மருந்து முற்றாக நீங்குமாறு கழுவிய பின்னரே அதில் நீர் நிரப்புதல் வேண்டும். கட்டிலருகே காத்திருக்கும் உறவினர், நீரை எப்போது மாற்றினீர்கள் என்று தாதியாரிடம் பணிவாகக் கேட்பதிற் பிழையில்லை.