முன்னே நடக்கும் பிள்ளைகள்

தாம்பரத்திலிருந்து தெற்கே வண்டலூர் சென்று, அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையில் பயணம் செய்தால் கேளம்பாக்கம் வரும். கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்துவிட்ட பழைய மாமல்லபுரம் சாலையின் மேல் அமைந்த ஊர் அது. அங்கே அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் ஒன்று உண்டு. புயல் வீசும் நாளில் ஓரிரவு ஒதுங்குவதற்காக எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில், மியான்மர் நாட்டின் ரக்கைன் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு மூண்ட கலவரங்களுக்குத் தப்பி வந்த ரோகிங்கியா மக்கள் ஏறத்தாழ நூறு பேர் தங்கினர். ஆண்டுகள் பல கடந்தும் அவர்களுக்கு அதுவே வீடு. ஆடவர் பலர் பழைய இரும்பும் நெகிழியும் சேகரித்து விற்றுப் பிழைக்கின்றனர். பிள்ளைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கின்றனர்; அவ்வூர்ப் பிள்ளைகளைப் போலவே சரளமாகப் பேசவும் செய்கின்றனர். பெற்றோருக்கோ தமிழ் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை.

இத்தகைய குடும்பத்துத் தாய் ஒருத்தி உடல்நலமில்லாமல் மருத்துவமனைக்குச் செல்வதாகக் கொள்வோம். அவளுடன் செல்வது யார்? கணவன் வேலைக்குப் போய்விட்டான். போகாவிட்டாலும் அவனுக்கும் மொழி தெரியாது. ஆகவே ஒன்பது வயது மகள் பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாள். மருத்துவர் கேட்பதை மகள் தாய்க்குச் சொல்கிறாள். தாய் கூறுவதை மருத்துவருக்குச் சொல்கிறாள். முதல் இரண்டு கேள்விகள் எளிதாகக் கழிகின்றன. மூன்றாவது கேள்வி, ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் தாழ்ந்த குரலில் மட்டுமே விடை சொல்லக் கூடியது. அதற்குரிய சொல் அந்தச் சிறுமியிடம் இரு மொழியிலும் இல்லை. தாய் தலை குனிகிறாள். மருந்துச் சீட்டுடன் இருவரும் வெளியே வருகின்றனர். மகள் முன்னே நடக்கிறாள்.

இதற்கு வேடிக்கையான மறுபக்கமும் இருக்கிறது. வகுப்பில் சண்டையிட்ட மாணவனின் தந்தையை ஆசிரியர் அழைத்துவரச் சொல்கிறார். ஆசிரியர் கூறும் குற்றச்சாட்டைத் தந்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியவன் அந்த மாணவனே! அவன் என்ன மொழிபெயர்ப்பான் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. சிரித்துவிட்டு எண்ணிப் பார்த்தால் அச்சிரிப்பு நிலைக்காது. தன் மகனைக் குறித்த செய்தியை மகனின் அனுமதியோடு மட்டுமே அறியமுடிகிற தந்தை, அவனை எவ்வாறு கண்டிப்பார்? இருவரிடமும் தவறில்லை. நாடு மாறியபோது வீட்டின் மேலது கீழதாகிவிட்டது.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடல் ஒன்று, ஓர் இளைஞனை உருவாக்கும் கடமையைப் பலருக்கும் பங்கிட்டுத் தருகிறது. தாய்க்கு ஒரு பங்கு, தந்தைக்கு ஒரு பங்கு என்பதுடன் அது நின்றுவிடவில்லை. ஊர்க் கொல்லனுக்கும் நாட்டு வேந்தனுக்கும்கூடப் பங்கு வைக்கிறது. போருக்குச் செல்லும் மறக்குடி மைந்தனைப் பற்றிய பாடல் அது. போரை விரும்பாதவரும் அந்தப் பங்கீட்டை மறுக்கமாட்டார். பிள்ளை வளர்ப்பு எந்தக் காலத்திலும் இருவர் மட்டும் செய்து முடித்த வேலையன்று. இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ளும் பாட்டி, தெருவில் கண்டால் அதட்டும் பெரியவர், கடனுக்கு மிட்டாய் தந்து பின்னர்த் தந்தையிடம் கணக்குச் சொல்லும் கடைக்காரர் எனப் பலர் அதில் உண்டு. படகேறும் குடும்பம் இவர்களை எல்லாம் கரையிலேயே விட்டுவிட்டு வருகிறது. ஏதிலியரின் இழப்புகளில் வீடும் நிலமும் கணக்கில் வருகின்றன. இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மொழி ஒன்றாகவே இருந்தால் துன்பம் தீர்ந்துவிடுமா? ஈழத்திலிருந்து வந்தோரின் வாழ்வு இதற்கு விடை தருகிறது. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரம் தொடங்கி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். வந்தவர்களில் பலர் திரும்பிச் சென்றனர்; பலர் வேறு நாடுகளுக்குப் போயினர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு தந்த கணக்கின்படி 58,822 பேர் முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வெளியிலும் வாழ்ந்தனர். வெளியில் வாழ்வோர் சென்னையிலும் அதன் புறநகர்ப் பகுதிகளிலும் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். முகாமில் கிடைக்கும் உதவித்தொகை இவர்களுக்கு இல்லை. முகாமில் உள்ள அண்டை வீட்டு உறவும் இல்லை.

தாம்பரத்தில் ஒரு பள்ளி வகுப்பறையில் ஈழச் சிறுமி ஒருத்தி, “நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம்” என்று கூறினால் வகுப்பு சிரிக்கும். இங்கே கதை விடுவதென்றால் பொய் சொல்வது. தாயின் தாயை அவள் ‘அம்மம்மா’ என்பாள். அழகை ‘வடிவு’ என்பாள். தேநீரைத் ‘தேத்தண்ணீர்’ என்பாள். வடிவு என்னும் சொல் எவ்வளவு பழந்தமிழ் என்பது சிரிக்கும் வகுப்புக்குத் தெரியாது. சில திங்களில் அவள் இரண்டு குரல்களைக் கற்றுக்கொள்கிறாள்: வாசற்படிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தோழி வீட்டுக்கு வரும் நாளில் தாய் வாய் திறந்துவிடக் கூடாதே என்று அஞ்சத் தொடங்கும்போது, மொழி ஒன்றாக இருந்தும் அவள் கேளம்பாக்கத்துச் சிறுமியின் நிலைக்கு வந்துவிடுகிறாள்.

இதனினும் கடினமானது மற்றொரு கேள்வி. “நமது ஊர் எது?” என்று பிள்ளை கேட்கிறது. கேட்கப்படும் தாயே மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ முகாமில் பிறந்தவளாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தை அவள் கண்டதில்லை. சட்டத்தின் விடையோ பிள்ளைக்குச் சொல்லித் தரும் வகையில் இல்லை. 1987 யூலை 1ஆம் நாளுக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியக் குடிமக்கள்; அந்நாள் தொட்டுப் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும்; 2004 திசம்பரில் இவ்விதி மேலும் இறுகியது. ஒரே முகாமில், ஒரே தாய்க்குப் பிறந்த அக்காள் குடிமகளாகவும் தம்பி அயலானாகவும் இருத்தல் கூடும். முன்னதாகப் பிறந்தோருக்கும் உரிமை தானாகக் கைக்கு வந்துவிடவில்லை. மண்டபம் முகாமில் 1986ஆம் ஆண்டு பிறந்த ஒரு பெண், 2022ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் ஆணையால்தான் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவரே பிள்ளைகளைப் பெற்ற தாய்.

1984ஆம் ஆண்டு ஏதிலியரே கூடித் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், பெற்றோர் சுமக்கும் இப்பாரத்தை நன்கு அறிந்திருந்தது. தந்தை செல்வா எனப் போற்றப்பட்ட சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் அதை வழிநடத்தினார். முகாம்களில் மழலையர் பள்ளி, மாலை நேர வகுப்பு, மகளிர் குழு, மனநல ஆற்றுப்படுத்தல் எனப் பல பணிகளை அது மேற்கொண்டது. முகாமில் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புச் சான்று பெற்றுத் தருவதையும் அது தன் கடமையாகக் கொண்டது. ஒரு தாளில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தன் பிள்ளை இன்ன நாளில் இன்ன இடத்தில் பிறந்தது என்று மெய்ப்பிக்க முடியாத தந்தைக்கே அதன் எடை தெரியும். மாலை வகுப்பை நடத்தியவர்கள் முகாமிலேயே வளர்ந்து படித்த இளைஞர்கள் என்பது இன்னும் குறிப்பிடத்தக்கது. அப்பெற்றோர் கடற்கரையில் விட்டுவந்த அண்ணனும் அத்தையும் ஆசிரியர் உருவில் திரும்பி வந்தனர் எனலாம்.

சுவரும் ஓர் உதவிதான். முகாம் வீடுகள் பல, பத்தடிக்குப் பத்தடி அளவிலான ஒற்றை அறைகளாக இருந்தன. அங்கே சமையல், உறக்கம், நோய், பெற்றோரின் பூசல், பிள்ளையின் தேர்வுப் படிப்பு அனைத்தும் ஒரே அறையில் நிகழும். கணவனும் மனைவியும் கடனைப் பற்றிப் பிள்ளை அறியாமல் பேசிக்கொள்ள வழியில்லை. 2021 ஆகத்துத் திங்களில் தமிழக அரசு 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. முகாம்களின் பெயரையும் மறுவாழ்வு முகாம்கள் என மாற்றியது. வீட்டின் பயனைக் கூரையைக் கொண்டு மட்டும் அளப்பது முழுமையாகாது. நடுவில் ஒரு சுவர் எழும்போதுதான் பெற்றோர் பெற்றோராகவும் பிள்ளை பிள்ளையாகவும் இருக்க இடம் கிடைக்கிறது.

ஈழத்தமிழர் பெருமளவில் குடியேறிய நாடுகளுள் நார்வேயும் ஒன்று. மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் பெற்றோருக்காகக் குழந்தையை மொழிபெயர்க்கச் செய்வதை அந்நாடு சட்டத்தால் தடுத்திருக்கிறது. அதற்கான தனிச்சட்டம் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து போன்ற நெருக்கடிகளில் விலக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அலுவலகத்தின் பொறுப்பு. அதே நகரங்களில் ஈழத்தமிழர் வார இறுதிப் பள்ளிகளை நடத்தித் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றனர். அரசு ஒரு பக்கமும் பெற்றோர் மறுபக்கமும் சுமையைத் தாங்குகின்றனர்.

சென்னைப் புறநகரில் அத்தகைய சட்டம் இல்லை. இருப்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் அது பள்ளிக்கு அழைக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பிள்ளைக்குக் கதவு திறந்துவிட்டது. அப்பிள்ளையின் பின்னால் தயங்கி நிற்கும் தாயை உள்ளே அழைத்து அமரவைப்பதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. மருத்துவமனைக்கு உடன் செல்ல, இரு மொழியும் ஓரளவு தெரிந்த வளர்ந்த பெண் ஒருத்தி போதும். அன்று அந்தச் சிறுமி தன் வகுப்பில் இருப்பாள்.

ரோகிங்கியா மொழிக்கெனப் புதிய எழுத்து வடிவம் ஒன்று 1980களில்தான் உருவாக்கப்பட்டது; கணினிக்கான ஒருங்குறியில் அது 2018ஆம் ஆண்டில் இடம்பெற்றது. கேளம்பாக்கத்துச் சிறுமிக்கு அவ்வெழுத்தில் கதைப்புத்தகம் எதுவும் கிடைக்கப் போவதில்லை. அவளுடைய மொழியின் கதைகள் தாயின் வாயில் மட்டுமே உள்ளன. இரவு விளக்கணைந்த பின் தாய் ஒரு கதையைத் தொடங்குகிறாள். ஓர் ஆறு வருகிறது, ஆற்றில் ஒரு மீன் வருகிறது. அம்மீனின் பெயரை மகள் இதற்குமுன் கேட்டதில்லை. பகலெல்லாம் தாய்க்குச் சொற்களை எடுத்துக் கொடுத்தவள் இப்போது நிறுத்தி, “அம்மா, அப்படியென்றால் என்ன?” என்று கேட்கிறாள். தாய் எழுந்து உட்கார்ந்து, அந்த மீன் எவ்வளவு நீளம் என்று இருட்டில் மகளின் கையைப் பிடித்து அளந்து காட்டுகிறாள்.