ஆகஸ்ட் முதல் வாரம், வடக்கு ஜப்பான்

ஜப்பான் என்றாலே செர்ரிப் பூ, ஏப்ரல் என்கிறார்கள். எனக்கென்னவோ ஆகஸ்ட் முதல் வாரத்தின் மேல்தான் கண். வடகிழக்கே தொஹோக்கு வட்டாரமே அப்போது திருவிழாக்களுக்காகத் தெருவில் இறங்கிவிடுகிறது. அவொமோரியில் நெபுதா, 2 முதல் 7 வரை. அகிதாவில் கந்தோ, 3 முதல் 6. செந்தாயில் தனபதா, 6 முதல் 8. கிழமை எதுவானாலும் தேதி மாறாது. அறை கிடைப்பதுதான் பெரும்பாடு.

மனசு நிற்பது கந்தோவில். 12 மீட்டர் மூங்கில் கம்பம், அதில் 46 காகித விளக்குகள், எடை ஏறக்குறைய 50 கிலோ. உள்ளே எரிவது நிஜ மெழுகுவத்தி. அதை உள்ளங்கையில், நெற்றியில், தோளில், இடுப்பில் நிறுத்துகிறார்கள். காற்றடித்தால்? சாய்வதும் உண்டு.

நெபுதாவில் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. ஹனெதோ எனப்படும் ஆட்டக்காரர்களின் உடையை வாடகைக்கு எடுத்து அணிந்தால் யாரும் ஊர்வலத்தோடு குதித்து ஆடலாம். (என் முழங்கால் இன்னும் சம்மதிக்கவில்லை.) 7ஆம் தேதி இரவு, ஊர்வலத்தில் வரும் பிரம்மாண்ட விளக்கு உருவங்களைக் கடலில் மிதக்கவிட்டு வாணவேடிக்கை.

ஆக, 5 அகிதா, 7 அவொமோரி. 8ஆம் தேதி புல்லட் ரயிலில் தெற்கே இறங்கினால் செந்தாயின் கடைசி நாளும் கிடைக்கும். அந்த வழியில் ஓடும் ஹயாபுசா ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். ஒரு மாதத்துக்கு முன்புதான் விற்பனை தொடங்கும். கூட வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.