இயந்திரம் எழுதாத பத்தி

ஜெர்சி சிட்டி



இந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய எக்செல் கோப்பின் மேக்ரோக்களுக்கு விளக்க ஆவணம் கேட்டார்கள். அவற்றை எழுதிய பெண்மணி ஓய்வு பெற்றுவிட்டார். மேலாளர் ஒரு மென்பொருளை ஓடவிட்டார்; தேநீர் ஆறுவதற்குள் தடிமனான ஆவணம் வந்துவிட்டது. எந்த மேக்ரோ எதை அழைக்கிறது, எந்தத் தாளில் எந்தக் கட்டத்தைத் தொடுகிறது, எல்லாம் அட்டவணையாக. நடுவில் ஒரு வரி: தொகையை 0.97ஆல் பெருக்குகிறது. ஏன் 0.97? அதற்குப் பதில் இல்லை.

இத்தகைய ஆவணம் பற்றி இங்கே வங்கிகளுக்குக் கடுமையான வழிகாட்டுதலே வந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2011 ஏப்ரலில் எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன்படி, வங்கி முடிவெடுக்க நம்பும் கணக்கு மாதிரி எதுவானாலும், அதை முன்பின் பார்த்திராதவர் படித்தே புரிந்துகொள்ளும்படி ஆவணம் வேண்டியிருந்தது: எப்படி இயங்குகிறது, எந்த அனுமானத்தில் நிற்கிறது, எங்கே செல்லாது. எழுதியவரே சரிபார்த்தால் போதாது என்றது அது. அதில் ஆதாயம் இல்லாத இன்னொருவர் துருவிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அருமையான வழிகாட்டுதல். ஆனால் ஆவணம் இத்தனை பக்கம் என்று காட்டியே கையெழுத்து வாங்குகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2012இல் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 'லண்டன் திமிங்கிலம்' என்று பெயர்பெற்ற வணிக விவகாரத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் எக்செல் தாள் கூட்டுத்தொகையால் வகுத்ததால் ஆபத்து குறைவாகத் தெரிந்தது என்று அந்த வங்கியின் அறிக்கையே சொல்கிறது. தானியங்கி ஆவணம் இருந்திருந்தால், 'கூட்டுத்தொகையால் வகுக்கிறது' என்று பிசகாமல் எழுதியிருக்கும். எழுதியவர் மனத்தில் இருந்தது சராசரி என்பது அதற்கு எப்படித் தெரியும்?

நம் வி.ஏ.ஓ. எழுதும் அடங்கலில் பசலி, சர்வே எண், பயிர், பாசனத்தோடு 'குறிப்பு' என்றும் ஒரு பத்தி உண்டு. அதன் அருமை இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. எழுதி வைக்காத விவரம் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்துக் கல்வராயன் மலையே சாட்சி; அது 1976இல்தான் ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. அங்கே வெள்ளிமலைப் பக்கம் தாத்தாவோடு கடுக்காய் வாங்கப் போனபோதெல்லாம், எந்த நிலம் யாருடையது என்று பெரியவர்களைக் கேட்டுத்தான் அறிவோம். அவர்கள் போனால் விவரமும் போயிற்று.

மேக்ரோக்களை எழுதிய அந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் பிடித்து, 0.97 பற்றிக் கேட்டேன். ஒரு முகவருக்கு 3 சதவீதக் கழிவு போன காலத்தில் எழுதியதாம். அந்த ஒப்பந்தம் முடிந்து வருடங்கள் ஆகின்றன.

கள்ளக்குறிச்சியில் சர்க்கரை ஆலையிலோ அரிசி ஆலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மேக்ரோ எழுதும் தம்பி, தங்கைகளே! மேக்ரோ எழுதும் சாளரம் தமிழை ஏற்காமல் கேள்விக்குறிகளாகக் காட்டும். அதனால் கோப்பிலேயே 'குறிப்பு' என்று தனித் தாள் சேருங்கள். இந்த எண் ஏன், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். மற்றதை இயந்திரம் எழுதிக்கொள்ளட்டும்.