பிரசரை இறக்கும் வேகம்

டிக்கோயாவில் காலை கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஸ்வெட்டரோடுதான் வருவார்கள். கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே புயத்தை இறுக்கிப் பிரசர் கணக்கைக் கெடுத்துவிடும். கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஏற்றம் ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்ப்பேன். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் கழித்தும் மூன்று நிமிடம் கழித்தும் திரும்பப் பார்ப்பேன். வரிசை எவ்வளவு நீண்டாலும் நின்றபடி பார்க்கும் அந்தக் கணக்கை நான் விடுவதில்லை. சில குடும்பங்களுக்கு அதுதான் உயிர்.

அப்படியொரு குடும்பத்தின் தாய், ஐம்பதை எட்டாதவர். முதலில் கால் தடுமாற்றம், பிறகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "எங்கம்மாவுக்கும் இதே வயசுலதாங்க டொக்டர் வாதம் அடிச்சிச்சு. மாமாவுக்குந்தான்." அவருக்குச் சீனி வருத்தம் இல்லை, பிரசரும் கொஞ்சம்தான். இந்த மாதிரி வீட்டில் பாரிசவாதத்தை மட்டும் விசாரித்தால் போதாது, ஒற்றைத் தலைவலியையும் விசாரிக்க வேண்டும். வலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடுமா என்று கேட்டதும், பக்கத்தில் நின்ற மகள் நிமிர்ந்து பார்த்தாள். கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியின் முன்நுனியில், இரண்டு பக்கமும் வெண்திட்டு. காடசில் என்ற பரம்பரை நோயை உடனே நினைக்கவைக்கும் இடம் அது.

தோட்டங்களில் நான் காணும் பெரும்பாலான வாதம் பிரசராலும் சீனியாலும் வருவது. காடசில் அரிது. 19வது நிறமூர்த்தத்தில் உள்ள நொட்ச்-3 என்ற பரம்பரையலகின் பிழையே காரணம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1996இல் கண்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. சராசரி அழுத்தம் 60க்கும் 150 மி.மீ. இரசத்துக்கும் இடையே எங்கு நின்றாலும் ஓட்டம் பெரிதாக மாறாது என்பது பாடநூல் கணக்கு. அழுத்தம் விழுந்தால் சிறு நாடிகள் விரியும், ஏறினால் சுருங்கும். விரிப்பதும் சுருக்குவதும் நாடிச் சுவரின் தசை. காடசிலில் அந்தத் தசைக் கலங்களைச் சுற்றிப் புரதம் படிகிறது. கலங்கள் மெல்ல அழிகின்றன. சுவர் தடித்து விறைக்கிறது. இந்நோயின் பிழையை ஏற்றிய எலிகளில், வெண்திட்டுகள் தோன்றுமுன்பே, வேலை செய்யும் மூளைப் பகுதிக்குக் கூடுதல் இரத்தம் வருவது குறைந்துவிட்டிருந்தது. நோயாளிகளில், நாடியை விரிக்கும் மருந்து கொடுத்தும் வெண்திட்டுகளில் ஓட்டம் போதிய அளவு கூடவில்லை.

மேலே ஊற்று வற்றினால் தொங்கல் லயத்துப் பீலிதான் முதலில் நிற்கும். மூளையின் ஆழத்து வெண்பொருளும் நீண்டு மெலிந்த நாடிகளின் கடைக்கோடியில்தான் இருக்கிறது. வேறு வழியாக இரத்தம் வந்து சேராது.

அதனால் இந்தக் குடும்பத்துக்குப் பிரசர் கூடினாலும் கேடு, அவசரமாக இறக்கினாலும் கேடு. மற்றவருக்கு இரண்டு குளிசையில் தொடங்கினாலும் இவர்களுக்கு ஒன்று, அதுவும் சிறிய அளவில். சில வாரம் பொறுத்து, நிற்கவைத்துப் பார்த்து, பிறகே அடுத்த படி. வயிற்றோட்டமோ வாந்தியோ என்றால் மறுநாள் பேரை (நாட்சம்பளத்தை) நினைத்து வேலைக்கு ஏறிவிடாமல் அன்றைக்கே வரச் சொல்கிறேன். ஒப்பரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பொண்ணுக்கும் சோதிச்சுப் பாத்துருவோமாங்க, கலியாணம் பேசுறாங்க" என்று தாய் கேட்டார். நோயைத் தடுக்கும் மருந்து இன்று இல்லை. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்தான், தனியாக உட்கார்ந்து பேசி, அவசரமில்லாமல் முடிவு செய்ய வேண்டும். சம்பந்தம் பேச வந்தவர்களுக்காக அந்த இரத்தத்தை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். சோதனை இல்லாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. புகைத்தால் வாதம் முந்தி வரும் என்பதால் அவளுடைய அண்ணன் சிகரெட்டை விட வேண்டும். வெளிச்சம் ஓடும் தலைவலி உள்ள இவளுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை ஆகாது. அதை அவளுடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி, மிட்வைஃபிடமும் சொல்லிவைத்தேன்.