ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை காவல்

என் மனைவிக்குச் சில வருடங்களாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் போய் இரண்டையும் வாங்கி வந்து, கிழமையை அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது என் வேலை. "ஒரு மாத்திரைக்கு இன்னொன்று காவலா?" என்று கேட்டாள். பதில் தேடிப் படித்தேன்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928ல் இந்தியா வந்தார். பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். அதில் இருந்த பொருள் எது என்பது பிறகுதான் தெரிந்தது. 1941ல் அமெரிக்காவில் அதைக் கீரையிலிருந்து பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்ற லத்தீன் சொல்லால் பெயரிட்டார்கள். பள்ளியில் இலையை பிரெஞ்சில் 'ஃபெய்' என்று படித்த எனக்கு அது சொந்தக்காரச் சொல்.

செல் இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப்பொருளை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. 1945ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

செல் வளர அது தேவையென்றால், அதைத் தடுத்தால் புற்றுநோய்ச் செல் நிற்குமா? பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் சோதித்துப் பார்த்தார். சுப்பாராவ் குழு தயாரித்த அமினோப்டெரின், பார்வைக்கு ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் போலி. செல் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், நகலெடுப்பு நின்றுவிடும். ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள் என்று 1948ல் ஃபார்பர் எழுதினார். தேறியது சில காலம்தான். ஆனாலும் அதுவரை கைவிரித்த நோயில் அதுவே பெரிய செய்தி. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். குறைந்த அளவில் மூட்டின் வீக்கத்தை அடக்குகிறது. நல்ல செல்களுக்கு அதனால் வரும் தொல்லையை ஃபோலிக் அமிலம் குறைக்கிறது. ஆக, காவல்தான்.

நான் வேலை பார்த்த காலத்தில் எந்தச் செலவுக் கோப்பிலும் 'இதனால் என்ன பயன்' என்று ஒரு குறிப்பு வேண்டும். 1928ல் கேட்டிருந்தால் லூசி வில்ஸ் ரத்தசோகை என்று மட்டும் எழுதியிருப்பார். குழந்தைகளின் புற்றுநோயும் கிழவிகளின் விரல்களும் அந்தக் குறிப்பில் வந்திருக்காது.