முடிவுறா வீட்டில் குடிபுகலாமா?

வீடு கட்டி முடியுமுன்னரே அதில் குடிபுகும் குடும்பங்களை நாம் அறிவோம். சுவருக்குப் பூச்சு இராது. மாடிப்படிக்குக் கைப்பிடி இராது. சன்னலுக்குக் கதவு வராமல் சாக்குத் தொங்கும். ஆயினும் பங்குத்தந்தையை அழைத்து வந்து வீட்டை மந்திரித்துக் குடியேறிவிடுவர். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் வாடகையும் கொடுத்து வட்டியும் கட்ட வேண்டுமே என்பது அவர்கள் கணக்கு. வேறு சிலரோ கடைசி ஆணி அறையும்வரை வாசற்படி மிதிக்க மாட்டார்கள். இவ்விரு சாராருள் அறிவுடையோர் எவர் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. வீட்டைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

இதே கேள்வி, எதிர்பாராத வேறொரு வாயில் வழியாக, இன்று நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. நம் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டுகளே அவ்வாயில்.

'சாண்ட்பாக்ஸ்' என்று ஒருவகை விளையாட்டு உண்டு. மணற்பெட்டி என்பது அச்சொல்லின் பொருள். மணலைக் கொட்டிக் கொடுத்துவிட்டால் குழந்தை தன் மனம்போல் கோட்டை கட்டும், கிணறு தோண்டும், இடித்துவிட்டு மீண்டும் கட்டும். இவ்விளையாட்டுகளும் அத்தகையனவே. இன்ன இடத்தில் தொடங்கி இன்ன இடத்தில் முடிக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. காடும் மலையும் ஆறும் கொண்ட ஓர் உலகம் திரையில் விரியும். மரம் வெட்டி, கல் உடைத்து, வீடும் வயலும் பாலமும் பிள்ளைகளே அமைத்துக்கொள்வர்.

இவற்றுள் பல, முழுமை பெறுமுன்னரே விலைக்கு வருகின்றன. 'ஏர்லி அக்சஸ்', அதாவது முன்நுழைவு, என்று அதற்குப் பெயர். கணினி விளையாட்டுகளை இணையவழி விற்கும் ஸ்டீம் என்னும் அங்காடி, 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இம்முறையைத் தொடங்கிற்று. முடிந்த பகுதியை இன்றே வாங்கி ஆடலாம். மீதிப் பகுதிகள் வரவரப் பெற்றுக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் விலை ஏறுவதும் உண்டாகையால், முன்னரே வாங்குவோர்க்குச் சிறிது ஆதாயமும் கிடைக்கலாம்.

எங்கள் இல்லத்தில் இது சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு வழக்காகவே எழுந்தது. இளையவனுக்கு உறுதிபூசுதல் நாளன்று அவனுடைய ஞானத்தந்தை அளித்த பணம் கையில் இருந்தது. அதைக்கொண்டு இத்தகைய விளையாட்டு ஒன்றை வாங்க வேண்டும் என்றான். இருவர் ஒரே உலகில் சேர்ந்து கட்டக்கூடிய விளையாட்டு அது. பாதி வேலையே முடிந்திருக்கிறது என்று அதைச் செய்வோரே அறிவித்திருந்தனர்.

"அரிசி வேகுமுன் இலை போடுவானேன்? வெந்தபின் உண்ணலாம். அது உன் ஞானத்தந்தை வியர்வை சிந்திச் சேர்த்த பணம். பாதிப் பொருளுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு நீ முகம் வாடி நிற்பதை நான் பார்க்க வேண்டுமா?" என்றாள் என் மனைவி.

அவள் சொல்லில் நியாயம் இருந்தது. ஆனால் மகன் அளித்த மறுமொழியில் வேறொரு நியாயம் இருந்தது.

"முழுதும் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகுமாம், அம்மா. அப்பொழுது அக்கா இங்கே இருக்க மாட்டாளே!"

மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். கல்லூரி திறந்ததும் வெளியூர் விடுதிக்குச் செல்லவிருந்தாள். அவன் வாங்க விரும்பியது விளையாட்டை மட்டுமன்று, தமக்கையோடு கழிக்கும் இரண்டு மாதங்களையும் சேர்த்தே என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று. ஒரு வாரம் பொறுத்திருக்குமாறு சொல்லிவிட்டு, இதைப்பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

முடிவுறாத நிலையில் வெளிவந்து புகழ்பெற்றவற்றுள் தலைசிறந்தது மைன்கிராப்ட். ஸ்வீடன் நாட்டு மார்க்குஸ் பெர்சன் என்பவர் அதன் முதல் வடிவை 2009 மே 17 அன்று மக்கள் முன் வைத்தார். கட்டைகளை அடுக்கவும் அகற்றவும் மட்டுமே இடந்தந்த எளிய வடிவம் அது. முழு வெளியீடு நிகழ்ந்ததோ 2011 நவம்பர் 18 அன்று. அதற்குப் பத்து மாதம் முன்னரே, 2011 சனவரியில், பத்து இலட்சம் பேர் அதை விலை கொடுத்து வாங்கிவிட்டனர். 2023-ஆம் ஆண்டுக்குள் விற்ற பிரதிகள் முப்பது கோடியைத் தாண்டின. அதன் அடையாளமாகவே விளங்கும் 'கிரீப்பர்' என்னும் பச்சை உருவம் ஒரு பிழையில் பிறந்தது. பன்றி ஒன்றை அமைக்க முயன்றபோது உயரமும் நீளமும் இடம் மாறிவிட்டன. வந்த உருவத்தையே அவர் வைத்துக்கொண்டார்.

முன்நுழைந்தோர் இழந்ததும் உண்டு. 2011 செப்டம்பரில் அவ்விளையாட்டில் நிலம் தோன்றும் முறை மாற்றப்பட்டது. ஏற்கெனவே சுற்றித் திரிந்த இடங்கள் பழையபடியே நிற்க, புதிதாகக் கால்வைத்த இடங்கள் புது முறையில் எழுந்தன. இரண்டும் சந்தித்த எல்லையில், கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்துச் சுவர்கள் நின்றன. வேலை நடக்கும் வீட்டில் குடியிருப்போர் இத்தகைய தழும்புகளுக்கு மனம் ஒப்பத்தான் வேண்டும்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு என்னைச் சிந்திக்க வைத்தது. மெக்சிகோ நகரில் உருவான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது ராக்கெட் கட்டி விண்ணில் ஏவும் விளையாட்டு. 2011 சூன் மாதத்தில் அதன் முதற்பதிப்பு வந்தபோது, சென்று இறங்குவதற்கு ஒரு நிலவுகூட அதில் இல்லை. ஆனால் ராக்கெட் பறந்தது. பின்னர் நிலவு வந்தது, கோள்கள் வந்தன, 2015 ஏப்ரலில் அது முழுமை பெற்றது. அதன் இரண்டாம் பாகமோ, வேறொரு குழுவின் கையில், 2023 பிப்ரவரி 24 அன்று முன்நுழைவாக வந்தது. விலை ஏறத்தாழ ஐம்பது டாலர். புதிய குடியேற்றங்களும், வேறு விண்மீன்களுக்குப் பயணமும், பலர் கூடி ஆடும் வசதியும் பின்னர் வரும் என்றார்கள். 2024-இல் அதை உருவாக்கிய நிலையமே மூடப்பட்டது. அவை வரவேயில்லை.

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் கோபுரம் கட்டுவோன் என் நினைவுக்கு வந்தான். அஸ்திவாரம் இட்டபின் முடிக்க வகையின்றி, காண்போர் நகைப்புக்கு ஆளாகிறவன் அவன். அவ்வுவமை சீடராதலின் விலையைப் பற்றியது, விளையாட்டைப் பற்றியதன்று. எனினும் உட்கார்ந்து கணக்குப் பார் என்னும் அறிவுரை, கட்டுவோர்க்கேயன்றி, கட்டி முடியாததை வாங்குவோர்க்கும் பொருந்தும் அல்லவா?

அவ்வாறாயின் முடியாத எதனுள்ளும் நுழையலாகாது என்பதா? அதற்கும் நம் திருச்சபையின் வரலாறு இடந்தரவில்லை. ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் திருக்குடும்பப் பேராலயத்திற்கு, 1882-ஆம் ஆண்டு புனித சூசையப்பர் திருநாளன்று அடிக்கல் நாட்டினர். மறு ஆண்டு பொறுப்பேற்ற அந்தோனி கவுதி என்னும் கட்டடக்கலைஞர், 1926-இல் இறக்கும்வரை அதற்காக உழைத்தார். அவர் கண்மூடியபோது முற்றும் எழுந்திருந்த மணிக்கோபுரம் ஒன்றே. 2010 நவம்பர் 7 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆலயத்தை நேர்ந்தளித்தபோதும் கட்டட வேலை முடிந்திருக்கவில்லை. ஆயினும் அதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கே வழிபாடு தொடங்கிவிட்டது. தரைக்குக் கீழே உள்ள நிலவறைச் சிற்றாலயம் முதலிலேயே ஆயத்தமாகிவிட்டது. மேலே வானம் திறந்து கிடந்தாலும், கீழே பீடம் இருந்தது, கூரை இருந்தது, முழந்தாளிட இடம் இருந்தது.

விளையாட்டை ஆலயத்தோடு ஒப்பிடுவதா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். நான் ஒப்பிடுவது புனிதத்தையன்று, கட்டும் முறையையே. முடிவுறாத ஒன்றில் நுழையுமுன் கேட்கவேண்டிய கேள்வி, அது என்றைக்கு முடியும் என்பதன்று. இன்றைக்கே முழுமையான ஒரு நிலவறை அதனுள் உண்டா என்பதே. நிலவில்லாத அந்த முதல் ராக்கெட் விளையாட்டில் பறத்தல் என்னும் நிலவறை இருந்தது. அது இல்லாத இடத்தில் நாம் வாங்குவது வெறும் வாக்குறுதியையே. விற்கும் அங்காடியும் இதையே ஒருவாறு அறிவுறுத்துகிறது. இன்றுள்ள நிலையில் ஆட விருப்பமில்லையெனில் பொறுத்திருந்து பார்க்கும்படி வாங்குவோர்க்குச் சொல்லிவைத்திருக்கிறது.

ஆகவே நாங்கள் சோதித்துப் பார்ப்பதென முடிவு செய்தோம். வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்திற்கு மேற்படாமல் ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அவ்வங்காடியின் விதி. முதல் ஒன்றரை மணி நேரம் குடும்பத்தார் நால்வரும் திரைமுன் அமர்ந்தோம். வீடு கட்ட முடிந்தது. உழுது விதைக்க முடிந்தது. ஓடம் செய்து ஆற்றில் செல்ல முடிந்தது. வடக்கே பனிமலை தெரிந்தது; ஆனால் அதற்கு வழி இன்னும் திறக்கப்படவில்லை. "இனி எதுவுமே சேர்க்காமல் இப்படியே விட்டுவிட்டால் உனக்குப் போதுமா?" என்று மகனைக் கேட்டேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "போதும், அப்பா" என்றான். என் மனைவியும் தலையசைத்தாள்.

நேரத்திற்கும் ஒரு வரம்பு வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ், கணினியில் மிகுந்த திறமையுள்ள இளைஞர்; வீடியோ விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டவர். அவரை எடுத்துக்காட்டினேன். விடுமுறைக் காலமாயிற்றே என்று மகன் பேரம் பேசினான். முடிவில் வாரம் மூன்று மணி, குடும்பச் செபமாலை முடிந்தபின், என்று தீர்ந்தது. புனிதரைவிட இரண்டு மணி கூடுதலாகப் பெற்றவன் என்று அவனை இன்றும் கேலி செய்கிறோம்.

சூன் மாத நடுவில், அவன் தாய் அஞ்சியது நிகழ்ந்தது. பனிமலைக்கு வழி திறந்து புதிய பதிப்பு வெளியாயிற்று. ஆனால் அதில் பழைய உலகங்கள் செல்லா. அனைவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அக்காளும் தம்பியும் ஏரிக்கரையில் எழுப்பிய வீடு, அதன் பின்புறக் கோதுமை வயல், ஆற்றின் குறுக்கே பாதிவரை வந்திருந்த கற்பாலம், இவை ஒன்றும் மிஞ்சா. விரும்பினால் பழைய பதிப்பிலேயே தங்கியிருக்க மட்டும் வழி வைத்திருந்தனர்.

மூத்தவள் புறப்பட இரண்டு வாரமே இருந்தது. பனிமலைக்காக ஏப்ரல் முதல் ஏங்கியவன் மகன். அன்றிரவு அவன் முகம் வாடியது உண்மை. ஆனால் மறுநாள் தானாகவே வந்து, பழைய பதிப்பிலேயே இருக்கப் போவதாகச் சொன்னான்.

"பனிமலை எங்கும் போய்விடாது, அப்பா. அக்காதான் போய்விடுவாள்."

அந்த இரண்டு வாரத்தில் பாலம் அக்கரை சேர்ந்தது. மூத்தவள் விடுதிக்குச் சென்றபின் அவ்வுலகை அவன் தனியே எடுத்துப் பத்திரப்படுத்தினான். புதிய பதிப்பைத் திறக்காமலே வைத்திருந்து, கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு அவள் வந்தபோதுதான் இருவரும் பனிமலையின் அடிவாரத்தில் முதற் குடிசையைப் போட்டனர். அவ்விளையாட்டு அப்பொழுதும் முடிந்திருக்கவில்லை.

எல்லாக் குடும்பங்களும் எங்களைப் போலவே செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமக்கை வீட்டிலேயே இருப்பாளாயின், காத்திருப்பதே நன்று என்றுகூட முடிவு செய்திருப்போம். பிழைகள் நீங்கிய நிறைவான பொருளைப் பெறுவதில் தவறென்ன? ஆனால் பிள்ளைகள் இக்கேள்வியோடு வரும்போது, "விளையாட்டுத்தானே!" என்று தள்ளிவிடாதிருப்போம். இன்று கையில் இருப்பது எது, நாளைய வாக்குறுதி எது என்று பிரித்தறியும் பயிற்சி அதில் இருக்கிறது. நிலம் வாங்கும்போதும், சீட்டுக் கட்டும்போதும், வாழ்க்கைத்துணையைத் தேர்ந்தெடுக்கும்போதும் அவர்களுக்கு வேண்டப்போகும் பயிற்சி அது. கட்டியது கலைந்தாலும் சேர்ந்து கட்டிய நாள்கள் கலைவதில்லை என்னும் அறிவும் அதில் கிடைக்கிறது.

தொடங்கியவரே முடித்தும் வைப்பார் என்னும் நம்பிக்கையைப் புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதுகிறார். நம் இல்லங்களை நாம் நடத்துவதும் அந்நம்பிக்கையில்தான். பிள்ளைகள் முழுமை பெறட்டும், அதன்பின் அவர்களோடு வாழலாம் என்று எந்தப் பெற்றோரும் காத்திருப்பதில்லை. பூச்சு வேலை முடியாத சுவர்களுக்கு நடுவேதான் குழந்தை தவழ்கிறது, செபமாலை ஒலிக்கிறது, அடுப்பு எரிகிறது.