பொன்னும்விலை: விற்காதவருக்கு ஒரு விலை

கேரளத்து வருவாய்த் துறையில் ‘பொன்னும்வில’ என்றொரு சொல் உண்டு. தமிழில் எழுதினால் பொன்னும்விலை. பொதுத் தேவை என்று அறிவித்துத் தனியாரின் நிலத்தையும் வீட்டையும் அரசு சட்டப்படி எடுத்துக்கொள்ளும் நடவடிக்கைக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் அது. பேச்சு வழக்கில் அதே சொல் மிக உயர்ந்த விலையையும் குறிக்கும். நிலமெடுப்புச் சட்டம் அங்கே பொன்னும்விலை நியமம். அப்பணிக்கென அமர்த்தப்படும் வட்டாட்சியர் பொன்னும்விலைத் தாசில்தார். வீட்டை இழக்கப்போகிறவர், தம் இழப்பைப் பொன்னின் பெயரால்தான் முதன்முதலில் கேள்விப்படுகிறார்.

பிற இந்திய மொழிகள் இதே நடவடிக்கைக்கு வேறு கோணத்திலிருந்து பெயரிடுகின்றன. மராத்தியில் அது ‘பூசம்பாதன்’. தமிழ்க் காதுக்கு அதில் சம்பாத்தியம் ஒலிக்கும். கன்னடத்தில் ‘பூஸ்வாதீன’, நிலம் ஒருவர் சுவாதீனத்திலிருந்து இன்னொருவர் சுவாதீனத்துக்குப் போகிறது. இந்தியில் ‘அதிக்ரஹண்’, அதாவது பற்றிக்கொள்ளுதல். தமிழில் ‘கையகப்படுத்துதல்’, பொருளைக் கையின் அகத்தே கொண்டுவருதல். அலுவலகப் பலகைகளில் ‘நில எடுப்பு’. இவை அனைத்தும் எடுப்பவரின் செயலைச் சொல்கின்றன. இழப்பவருக்கு இச்சொற்களில் இடமில்லை. மலையாளத்திலும் இன்று ‘ஏற்றெடுக்கல்’ என்பது பரவலாக வழங்குகிறது. ஆயினும் பொன்னும்விலை மட்டும் எடுப்பதைச் சொல்லாமல் கொடுப்பதைச் சொல்கிறது. அதை ஒரு வாக்குறுதியாகவே கொண்டு சோதித்துப் பார்க்கலாம்: இந்தக் கொடுக்கல் வாங்கலில் விலை என்பது எங்கே இருக்கிறது?

‘விலை’ என்ற சொல் விற்றலைக் குறிக்கும் ‘வில்’ என்ற வினையடியைச் சேர்ந்தது, மலையாளத்தில் ‘வில்க்குக’. விற்பவர் இருந்தால்தான் விலை. சந்தையில் ஒரு பொருளுக்கு விலை படிவதற்கு முன் ஒரு கணம் உண்டு. ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்லி விற்பவர் எழுந்து போய்விடக்கூடிய கணம் அது. அந்தக் கணம் இருப்பதாலேயே அதற்குப் பின் படிவது விலையாகிறது. கட்டாய நிலமெடுப்பில் இல்லாதது அதுவே. விற்க நினைத்தேயிராத ஒருவரின் வீட்டுக்கு இன்னொருவர் கணக்கிட்டுச் சொல்லும் தொகையை விலை என்கிறோம்.

சட்டம் இதை அறியாததன்று. 1894ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் ஏறத்தாழ 120 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. சந்தை மதிப்புக்கு மேல் 15 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. காரணமாக, எடுப்பின் கட்டாயத் தன்மையையே வெளிப்படையாகச் சொன்னது. ஆறுதல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அத்தொகை ‘சொலேஷியம்’ எனப்பட்டது. மறுக்கும் உரிமை பறிக்கப்பட்டதற்கான ஆறுதல், 15 விழுக்காடு. 1984இல் அது 30 ஆயிற்று. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 100 ஆயிற்று. கட்டாயத்தின் விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய சட்டத்தில் வீட்டு உரிமையாளருக்குக் கிடைத்த பெயரும் கவனிக்கத்தக்கது. ஆங்கில மூலத்தில் அவர் ‘பர்சன் இன்டரஸ்டெட்’. இழப்பீட்டில் பங்கு கோருபவர் என்பதே அச்சொல்லின் வரையறை. வீட்டில் பற்றுடையவர் என்று அதற்குப் பொருளில்லை. முப்பது ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழ்ந்தவர், அறிவிக்கை வெளியான பின் சட்டத்தின் கண்ணில் அத்தொகையின் மனுதாரர். அவர் அலுவலகத்தில் எதைப் பேச எழுந்தாலும், தொகையைப் பற்றிப் பேசும்போது மட்டுமே அது குறிப்பேட்டில் ஏறும்.

அந்தக் குறிப்பேட்டில் வீடு பகுதி பகுதியாகப் பிரிகிறது. நிலம் ஒரு கணக்கு. கட்டடம் பொறியாளர் மதிப்பிடும் இன்னொரு கணக்கு. தென்னையும் பலாவும் எண்ணிக்கைப்படி வேறொரு கணக்கு. கிணறு, சுற்றுச்சுவர், தொழுவம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரி. பழைய வீடென்றால் தேய்மானம் கழிக்கப்படுவதும் உண்டு. வீட்டுக்காரர் ஆண்டுதோறும் வெள்ளையடித்து, ஓடு மாற்றி, முற்றத்தைச் செப்பனிட்டுக் காத்த காலம் முழுவதும் அக்கணக்கில் கழித்தலாகவே நுழைகிறது. சந்தை மதிப்போ சுற்றுவட்டாரத்துப் பத்திரப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. முத்திரைத் தீர்வையைக் குறைக்க விற்பனைத் தொகையைக் குறைத்துக் காட்டுவது நாடெங்கும் உள்ள பழக்கம். அக்கம்பக்கத்தார் எப்போதோ குறைத்துக் காட்டிய தொகை, விற்காதவரின் வீட்டுக்கு அளவுகோலாக வந்து நிற்கிறது. பாகப்பிரிவினை பதியப்படாமலோ பட்டா பாட்டனார் பெயரிலேயோ இருந்துவிட்டால், அந்தத் தொகைக்கும் நீதிமன்ற வாசலில் காத்திருக்க வேண்டும்.

இக்கணக்கு வாழ்க்கையைச் சந்தித்த இடங்களுள் ஒன்று, கொச்சி நகரை ஒட்டிய காயல் தீவுகளில் ஒன்றான மூலம்பிள்ளி. வல்லார்பாடம் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் சாலையும் இருப்புப் பாதையும் அமைப்பதற்காக மூலம்பிள்ளி, சேரானல்லூர், முளவுகாடு, இடப்பள்ளி உள்ளிட்ட ஊர்களில் 316 குடும்பங்கள் வீடிழந்தன. 2008 பிப்ரவரி 6 அன்று காவல் துறை துணையுடன் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தார்ப்பாய்க் கூடாரங்களில் தங்கிப் போராடின. மார்ச் 19 அன்று மாநில அரசு மறுவாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்தது: வீட்டுமனை, மனை கிடைக்கும்வரை மாத வாடகை, குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. ‘மூலம்பிள்ளிப் பேக்கேஜ்’ என்ற பெயரில் அது கேரளத்தின் அரசியல் பேச்சில் நிலைத்தது.

முனையம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இருப்புப் பாதைக்காகக் காயலின் மேல் கட்டப்பட்ட 4.62 கிலோமீட்டர் பாலம், கட்டி முடித்தபோது நாட்டின் மிக நீளமான ரயில் பாலமாக இருந்தது. மறுவாழ்வு மனைகளோ பெரும்பாலும் சதுப்பையும் நீர்நிலை ஓரத்தையும் நிரப்பிய இடங்களில் அமைந்தன. துணிந்து கட்டியவர்களின் வீடுகள் சில சாய்ந்தன, சில விரிசல் கண்டன. 15 ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அத்திட்டத்தின்படி சொந்த வீடு அமையவில்லை. சதுப்பு நிலத்தில் பாலம் நிறுத்தும் பொறியியல் இந்நாட்டிடம் இருந்தது. அதே மண்ணில் ஒரு வீட்டை நிறுத்த அது எட்டவில்லை.

மூலம்பிள்ளி மக்கள் தங்கள் நிலையைச் சொல்லப் பயன்படுத்திய சொல் பொன்னும்விலை அன்று, ‘குடியிறக்கல்’. இச்சொல்லுக்குத் தமிழருக்கு அகராதி வேண்டியதில்லை. குடியேற்றம் என்பதன் நேர் எதிர், ஏறியவரை இறக்குவது. தென்மொழிகளில் ‘குடி’ பழஞ்சொல். தமிழில் அது வீடு, குடும்பம், குலம், ஊர், நாட்டு மக்கள் என எல்லாவற்றையும் குறிக்கும். மூலம்பிள்ளி அடங்கிய ஊராட்சியின் பெயரே கடமக்குடி. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே சொல் கோயிலைக் குறிக்கிறது. விலை கணக்கில் அடங்கும், குடி அடங்காது. கணக்கு வீட்டுக்குத்தான், அண்டை வீட்டாரின் குரல் எட்டும் தொலைவுக்கும், படகுத் துறைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், கடன் சொல்லி வாங்கக்கூடிய கடைக்கும் கணக்கில்லை. கொடுத்த தொகை எவ்வளவு பெரிதாயினும், அதைக்கொண்டு சந்தையில் வாங்கமுடிவது வீடு மட்டுமே.

சாலையும் துறைமுகமும் வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. அவற்றை எல்லோரும் பயன்படுத்துகிறோம். ஒருவர் வீட்டைச் சுற்றிக்கொண்டே ஒரு தேசிய நெடுஞ்சாலை போகவும் முடியாது. தொகை முக்கியமில்லை என்பதும் உண்மையன்று. நியாயமான தொகை உரிய காலத்தில் கைக்கு வந்த இடங்களில் எதிர்ப்பு தணிந்ததுண்டு. கேள்வி வேறு. தொகையைக் கூட்டுவதால் மட்டும் கட்டாயம் நியாயமாகிவிடுமா?

2013ஆம் ஆண்டின் சட்டம் இதற்குப் பாதி விடை கண்டது. சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தனியார் நிறுவனங்களுக்காக எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டின் ஒப்புதலும், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டமானால் 70 விழுக்காட்டின் ஒப்புதலும் வேண்டும் என்றது. பணம் கொடுத்த பின்னரே நிலத்தில் இறங்க வேண்டும் என்று வரிசையையும் மாற்றியது. ஆனால் தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, மெட்ரோ, நிலக்கரி உள்ளிட்டவற்றுக்கான 13 சட்டங்களை அதன் நான்காம் அட்டவணை வெளியே நிறுத்தியது. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய விதிகள் 2015இல் அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன. சமூகத் தாக்க மதிப்பீடு நீட்டிக்கப்படவில்லை. தொகை எல்லைதாண்டிப் போயிற்று. கேட்கும் செவி பின்தங்கிவிட்டது. அச்சட்டத்தின் கீழ்வரும் திட்டங்களிலும், அறிவிக்கை வெளியான 60 நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம், மாவட்ட ஆட்சியர் கேட்பார், அறிக்கை அனுப்புவார். அரசின் முடிவே இறுதியானது. அரசு தானாகவே பயன்படுத்தப்போகும் திட்டமென்றால் ஒப்புதலும் தேவையில்லை.

2022இல் சில்வர்லைன் விரைவு ரயில் திட்டத்துக்காகக் கேரளத்தில் நடப்பட்ட மஞ்சள் எல்லைக் கற்களை ஊர்மக்கள் பிடுங்கி எறிந்ததை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ள வேண்டும். சமூகத் தாக்க ஆய்வுக்காகவே கல் நடுகிறோம் என்றது அரசு. எடுப்பதற்கு முன் கேட்பதற்கான படிதான் அது. இழப்பீடு உயர்ந்ததாயிருக்கும் என்ற உறுதிமொழியும் இருந்தது. மக்கள் நம்பவில்லை. சட்டத்தில் இல்லாத ‘கட்டுப்படியாகாது’ என்ற கணத்தை அவர்கள் கடப்பாரையால் உண்டாக்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் கல் நடுவது நின்று, செயற்கைக்கோள்வழி எல்லை குறிக்கும் முறை அறிவிக்கப்பட்டது. பிடுங்கமுடியாத கல் அது.

2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கொன்றில், அரசமைப்பின் 300ஏ உறுப்புக்குள் ஏழு துணை உரிமைகள் அடங்கியிருப்பதாக எடுத்துரைத்தது. அறிவிப்புப் பெறுதல், ஆட்சேபணை கேட்கப்படுதல், காரணத்துடன் கூடிய முடிவு, பொதுநோக்கத்துக்காக மட்டும் எடுத்தல், நியாயமான இழப்பீடு, காலதாமதமற்ற நடைமுறை ஆகியவை முதல் ஆறு. ஏழாவது, நடவடிக்கை முறையாக முடிவுக்கு வருதல். இழப்பீடு ஏழில் ஒன்றுதான் என்பதே இத்தீர்ப்பின் பெரும் பயன். மற்ற ஆறும் வீட்டுக்காரரை மனுதாரர் நிலையிலிருந்து எழுப்பி, பேசக்கூடிய, பதில் பெறக்கூடிய ஒருவராக நிறுத்துகின்றன.

ஏழாவது உரிமைக்கு மூலம்பிள்ளியையே உரைகல்லாகக் கொள்ளலாம். அங்கே எடுப்பது ஒரு பகலில் முடிந்தது, கொடுப்பது முடியவில்லை. எடுக்கும் நாளைக் குறிக்கும் ஒவ்வோர் அறிவிக்கையிலும், கொடுத்து முடிக்கும் நாளும் குறிக்கப்பட வேண்டும். அந்நாள் தவறினால் பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பதவியும் அதே தாளில் இருக்க வேண்டும். விற்காதவருக்கு விலை என்ற ஒன்றைக் கொடுக்கவே முடியாது. கொடுக்கமுடிவது ஈடு மட்டுமே. ஈடு என்று ஒப்புக்கொண்டால், இழந்தவர் மீண்டும் ஒரு குடியாக நிலைபெறும்வரை அது தீராத கடன்.